மூச்சு முட்டும் பெற்றோல் தாங்கி: பழைய கார் நடுவழியில் ஏன் நிற்கிறது?

பழைய கார் ஒன்று காலையில் நன்றாக ஸ்ரார்ட் எடுக்கிறது. பதினைந்து, இருபது கிலோமீற்றர் ஒரு குறையுமில்லாமல் ஓடுகிறது. பிறகு இழுவை குறைகிறது, இரண்டு மூன்று தரம் விக்குகிறது, நின்றுவிடுகிறது. பொனற்றைத் திறந்து பார்த்தால் ஒன்றும் பிடிபடாது. பத்து நிமிடம் மர நிழலில் நின்றுவிட்டுத் திறப்பைத் திருப்பினால், ஒன்றுமே நடக்காததுபோல மீண்டும் ஓடத் தொடங்கும்.

யாழ்ப்பாணத்தில் இன்றைக்கும் ஓடுகிற மொறிஸ் மைனர், ஒஸ்ரின் ஏ 40, ஒஸ்ரின் கேம்பிரிட்ஜ் கார்களோடு எனக்கு முப்பது வருடத்துக்கு மேலான பழக்கம். இந்த வருத்தத்தோடு கராஜுக்கு வருகிறவர்கள் கையோடு ஒரு பட்டியலையும் கொண்டு வருவார்கள். பம்ப் மாற்றியாயிற்று. கார்பரேற்றர் கழற்றிக் கழுவியாயிற்று. கொயில் புதிது, பிளக் புதிது. பெற்றோல் மூடியைப் பார்த்தீர்களா என்று கேட்டால் சிரிப்பார்கள். மூடியில் பார்க்க என்ன இருக்கிறது என்ற சிரிப்பு அது. காரை வைத்துத்தான் வீட்டு அடுப்பு எரிகிறது என்ற நிலையில் இருக்கிற ஒருவர், தேவையில்லாத பம்புக்கும் கொயிலுக்கும் காசு கொடுத்துவிட்டு அப்படிச் சிரிப்பதைப் பார்க்க எனக்குச் சிரிப்பு வருவதில்லை.

விஷயம் இதுதான். தாங்கியிலிருந்து ஒரு லீற்றர் பெற்றோல் வெளியே போனால் ஒரு லீற்றர் காற்று உள்ளே வரவேண்டும். காற்று வர வழியில்லாவிட்டால் உள்ளே அமுக்கம் குறைந்துகொண்டே போகும். ஒரு கட்டத்தில் பம்ப் எவ்வளவு இழுத்தாலும் பெற்றோல் வராது.

எங்கள் ஆட்களுக்கு இதை விளங்கப்படுத்துவது கஷ்டமில்லை. இடம்பெயர்ந்து இயங்கிய ஆஸ்பத்திரிகளில் கண்ணாடிப் போத்தலில் சேலைன் ஏறியதைப் பார்த்தவர்கள் நிறையப் பேர் இருக்கிறோம். போத்தலின் றப்பர் மூடியில் குழாய் போகிற ஊசியோடு இன்னொரு ஊசியும் குத்தியிருக்கும். அது காற்றுக்கு. அந்த ஊசி அடைபட்டால் போத்தல் நிறைய மருந்து இருந்தும் சொட்டு நின்றுவிடும். பிளாஸ்ரிக் பையில் வரும் சேலைனுக்கு அந்த ஊசி தேவையில்லை, பை தானாகச் சுருங்கிக் கொடுக்கும். காரின் தாங்கி தகரம். அது சுருங்கிக் கொடுக்காது. மிக மோசமாக இழுபட்டால் உட்பக்கமாக நெளியும். அப்படி வயிறு ஒட்டிய தாங்கிகள் சிலவற்றைக் கழற்றியிருக்கிறேன்.

கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். மொறிஸ் மைனர் 1000 காரின் தாங்கி ஆறரைக் கலன், அதாவது 29 லீற்றர் சொச்சம். லீற்றருக்கு 12 கிலோமீற்றர் ஓடுகிறது என்று வையுங்கள். 20 கிலோமீற்றரில் 1.7 லீற்றர் போய்விடும். தாங்கி அரைவாசியாக இருந்தால் உள்ளே 15 லீற்றர் அளவுக்குக் காற்று இருக்கிறது. அது 1.7 லீற்றர் விரிந்துகொடுத்தால் அமுக்கம் பத்தில் ஒரு பங்குதான் குறையும். ஆனால் தாங்கி கிட்டத்தட்ட நிறைந்திருந்து, மேலே 3 லீற்றர் காற்றுக்குத்தான் இடம் என்றால், அதே 1.7 லீற்றர் போகும்போது அமுக்கம் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் விழும். பெற்றோல் ஆவி அந்த வெற்றிடத்தில் ஒரு பகுதியை நிரப்பும். மூடியின் வாஷரும் கொஞ்சம் காற்றுக் கசியவிடும். அதனால் கணக்கு அப்படியே வராது. என்றாலும் பத்தில் ஒரு பங்கு குறைந்தாலே, பெற்றோலை வழமையைவிட ஒன்றரை மீற்றருக்குக் கிட்ட மேலதிகமாகத் தூக்குகிற வேலை பம்புக்குச் சேர்ந்துவிடும். அது எல்லாப் பழைய பம்பாலும் முடிகிற காரியமல்ல.

இந்தக் கணக்கிலிருந்து கைக்கு உதவும் ஒரு அடையாளம் கிடைக்கிறது. தாங்கியை நிரப்பிய நாளில் கெதியாக நிற்கிறது, அரைத் தாங்கியில் தூரம் ஓடுகிறது என்றால் காற்றுவழியைச் சந்தேகப்படுங்கள். மாறாக, தாங்கி அடிமட்டத்துக்கு வரும்போது மட்டும் விக்குகிறது என்றால் அது பெரும்பாலும் அடியில் கிடக்கும் துரு, தண்ணீர், அல்லது உறிஞ்சு குழாயின் முனையில் இருக்கும் வலை.

பருத்தித்துறைப் பக்கத்து அண்ணை ஒருவர் மைனர் ஒன்றை வைத்து ஹயர் ஓடினார். யாழ்ப்பாணம் ஆஸ்பத்திரிக்குக் கிளினிக் நோயாளிகளை ஏற்றிக்கொண்டு வந்து திரும்பக் கொண்டுபோய் விடுவார். காலையில் வரும்போது ஒரு பிரச்சினையுமில்லை. பின்னேரம் திரும்பும்போது சில நாட்களில் மட்டும் வல்லை வெளியில் நின்றுவிடும். வல்லை வெளியைத் தெரிந்தவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. இரண்டு பக்கமும் ஒதுங்க ஒரு வீடு கிடையாது, வெளியும் காற்றும்தான். பின் சீற்றில் மருந்து ஏற்றிக் களைத்துப்போன ஒரு அம்மா.

"தம்பி, முனியப்பருக்கு ஒரு தேங்காய் அடிச்சால் காணும், உடனே வெளிக்கிடும்" என்றார். அவர் பகிடிக்குச் சொல்லவில்லை. உண்மையாகவே தேங்காய் அடித்துக் கும்பிட்டுவிட்டு வந்தால் கார் ஓடியிருக்கிறது. இரண்டு பம்ப் மாற்றியும் ஓடாத கார் தேங்காய்க்கு ஓடினால் யார்தான் நம்பமாட்டார்கள்? முனியப்பரை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் போய்த் தேங்காய் அடித்து, கும்பிட்டு, விபூதி பூசிக்கொண்டு வர எவ்வளவு நேரம் பிடிக்கும் என்று கேட்டேன். பத்து, பதினைந்து நிமிடம் என்றார். அந்த நேரம் போதும், வாஷர் இடுக்கால் காற்றுக் கசிந்து உள்ளே போக.

"எந்த நாளிலை நிக்கிறது எண்டு யோசிச்சுப் பாருங்கோ அண்ணை" என்றேன். யோசித்துவிட்டு, டவுனில் குறிப்பிட்ட ஒரு செட்டில் பெற்றோல் அடிக்கிற நாளில்தான் என்றார். அங்கே அடிக்கிற பெற்றோல் கலப்படம் என்பது அவருடைய முடிவு. பெற்றோலில் பிழையில்லை. அந்த நாட்களில் தாங்கி நிறைந்திருந்தது என்பதுதான் வித்தியாசம். பழைய மூடி களவு போய்விட்டதால் பின்னாளில் வந்த வேறொரு காரின் பூட்டு மூடியைப் போட்டிருந்தார். அது மணக்கிறது என்று மூடிக்கும் வாய்க்கும் நடுவில் ஷொப்பிங் பையை இரண்டாக மடித்து வைத்து இறுக்கியிருந்தார். பையை எடுத்துவிட்டு, எனது லாச்சியில் கிடந்த காற்றுத்துளை உள்ள பழைய மூடியைப் போட்டு அனுப்பினேன். அதற்குப் பிறகு வல்லையில் அவர் விரும்பினால்தான் நிற்கிறார்.

இதைக் கண்டுபிடிக்க ஆயுதம் ஒன்றும் தேவையில்லை, காது போதும். கார் நின்றவுடன் எதையும் கழற்றாதீர்கள். எஞ்சினை நிற்பாட்டிய நிலையிலேயே பின்னுக்குப் போய் மூடியை மெதுவாகத் திருப்புங்கள். "ஸ்ஸ்" என்று காற்று உள்ளே இழுபடும் சத்தம் நீளமாகக் கேட்டால், அதற்குப் பிறகு கார் உடனே ஸ்ரார்ட் எடுத்தால், பாதி முடிவு வந்துவிட்டது. மைனரில் எஸ்.யூ. மின்பம்ப் இருக்கிறது. திறப்பைப் போட்டால் "ரிக் ரிக்" என்று அடித்து, கார்பரேற்றர் கிண்ணம் நிறைந்ததும் தானாக ஓயும். தாங்கி மூச்சு முட்டியிருக்கும்போது அந்த அடி தயங்கித் தயங்கி வரும், அல்லது நின்றுவிடும். மூடியைத் திறந்தவுடன் கடகடவென்று அடிக்கத் தொடங்கினால் அதற்கு மேல் சாட்சி தேவையில்லை. மூடியைத் திறந்தும் அடிக்கவில்லை, ஆனால் திருப்பிடியின் கைப்பிடியால் பம்பில் மெல்லத் தட்டினால் அடிக்கிறது என்றால் குறை பம்பின் பொயின்ற்றில். ஓயாமல் வேகமாக அடித்துக்கொண்டே இருக்கிறது, பெற்றோல் வரவில்லை என்றால் தாங்கியில் எண்ணெய் இல்லை, அல்லது வரும் குழாயில் எங்கோ காற்று இழுக்கிறது. ஒஸ்ரின் ஏ 40இல் பம்ப் எஞ்சினோடு சேர்ந்து ஓடுவது. அதற்குச் சத்தம் இல்லை, ஆகவே மூடியின் சத்தத்தை மட்டும் நம்பவேண்டும்.

சத்தம் எந்தப் பக்கம் போகிறது என்பதையும் கவனியுங்கள். ஓடி நின்ற காரில் காற்று உள்ளே இழுபடும். வெயிலில் நிறுத்திவைத்த காரில் அதே அடைப்பு மறுபக்கமாக வேலை செய்யும். பெற்றோல் சூடேறி ஆவி பெருகி, வெளியேற வழியில்லாமல் பெற்றோலைக் குழாய்வழியே முன்னுக்குத் தள்ளும். கார்பரேற்றரின் ஊசி வால்வு தேய்ந்திருந்தால் அதைத் தடுக்கமாட்டாது. கிண்ணம் வழிந்து, எஞ்சின் மேல் பெற்றோல் சொட்டி, மத்தியானம் ஸ்ரார்ட் எடுக்கப் போனால் எஞ்சின் பெற்றோலில் மூழ்கிப்போய் எடுக்கமாட்டேன் என்று நிற்கும். ஓடும்போது பெற்றோல் காணாமலும் நிற்கும்போது பெற்றோல் கூடியும் தொந்தரவு தருகிற காரைக் கண்டால் பலர் இரண்டு வேறு வருத்தம் என்று நினைத்து இரண்டுக்கும் காசு செலவழிப்பார்கள். இரண்டுக்கும் காரணம் ஒரே துளையாக இருக்கலாம்.

மூடியைத் திறந்தும் வித்தியாசம் இல்லையென்றால் வேறு இடம் தேடவேண்டும். எங்கள் வெயிலில் எஞ்சின் சூட்டால் குழாய்க்குள்ளேயே பெற்றோல் ஆவியாகி அடைப்பதுண்டு. ஈரத்துணியைப் பம்பிலும் குழாயிலும் போட்டால் அது தெளியும், மூடியைத் திறந்தால் தெளியாது. கொயில் சூடாகிச் செத்தால் பிளக்கில் நெருப்பு வராது. இவை தனிக் கதைகள்.

இனி, துளை ஏன் அடைபடுகிறது? தூசி ஒரு காரணம். குளவி இன்னொரு காரணம். மூச்சுக்குழாய் தனியாகக் கீழே தொங்குகிற கார்களில், மாதக்கணக்கில் நிறுத்திவைத்தால் குளவி மண்ணைக் கொண்டுவந்து வாயை அடைத்துக் கூடு கட்டிவிடும். சிமெந்து வைத்ததுபோல இறுகிக் கிடக்கும். அடியில் கறுப்புத் தார் பூசும்போது துரிகை அந்தக் குழாய் வாயையும் சேர்த்துப் பூசிவிட்டுப் போவதும் உண்டு.

ஆனால் எங்கள் பக்கத்துக் கார்களில் நான் கண்ட அடைப்புகளில் கன எண்ணம் மனிதர் தெரிந்தே செய்தவை. அதற்கு ஒரு வரலாறு இருக்கிறது. 1990 ஜூனில் போர் மீண்டும் மூண்டு, பொருளாதாரத் தடையில் பெற்றோலும் சேர்ந்த பிறகு இங்கே கார்கள் மண்ணெண்ணெயில் ஓடின. பெற்றோல் ஸ்ரார்ட் எடுக்க மட்டும். சேலைன் குழாய் பொருத்திய சின்னப் போத்தலில் இருந்து கார்பரேற்றருக்கு நாலு சொட்டு விட்டு, எஞ்சின் சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். ஒரு போத்தல் பெற்றோல் பொன்போல இருந்த காலத்தில், அது ஆவியாகிப் போகிற துளையை யார் திறந்து வைப்பார்கள்? ஈயம் உருக்கி ஊற்றித் துளையை அடைத்த மூடிகள் இன்னும் என்னிடம் வருகின்றன. அப்பா வைத்திருந்த கார் என்று மகன் கொண்டுவருவார். மூடியின் உட்பக்கத்தைத் திருப்பிப் பார்த்தால் அந்த ஈயப்பொட்டு இருக்கும். அந்தக் காலத்துக்கு அது புத்திசாலித்தனமான வேலைதான். மண்ணெண்ணெய்ப் பாவனையில் மெதுவாகக் கொஞ்சத் தூரம் ஓடின கார்களுக்கு அது பெரிய இடைஞ்சலாக இருக்கவில்லை. இன்றைக்குத் தாங்கி நிறைய அடித்துக்கொண்டு ஏ 9 வீதியில் கொழும்புக்குப் போகிற காருக்கு அது ஆகாது.

அந்தக் காலத்து மிச்சங்கள் வேறும் உண்டு. தாங்கிக்கும் பம்புக்கும் நடுவில் இரண்டு எண்ணெயை மாற்றப் பொருத்திய திருகுபூட்டு, பிறகு எங்கும் போகாமல் முனை மடித்துவிட்ட செப்புக் குழாய், செல் துண்டு பட்ட ஓட்டைக்கு வைத்த ஒட்டு. 1995 ஒக்ரோபர் இடப்பெயர்வில் விட்டுவிட்டுப் போன கார்களின் தாங்கிகள் வெறுமையாகக் கிடந்து உள்ளுக்குள் துருவேறின. வெறுந்தாங்கியில் இரவுக் குளிருக்கு ஈரம் படியும். எண்ணெய் நிறைந்த தாங்கியைவிட அதுதான் கெதியாக அரிபடும். அந்தத் துரு உறிஞ்சு குழாயை மட்டுமல்ல, மூச்சுக்குழாயின் வாயையும் அடைக்கும். ஆகவே பழைய காரை வாங்குகிறவர்கள் தாங்கிக்கு வருகிற, போகிற ஒவ்வொரு குழாயையும் கையால் தொட்டுக்கொண்டே போய், அது எங்கே முடிகிறது என்று பார்க்கவேண்டும். முடிவு தெரியாத குழாய் ஒன்று இருந்தால் அங்கேதான் வருத்தம் இருக்கும்.

எண்பதுகளில் வந்த ஜப்பான் கார்களுக்கு இதே விதியை அப்படியே பொருத்தவேண்டாம். அவற்றின் மூடி காற்றை வெளியே விடாது. உள்ளே இழுக்க மட்டும் சிறு வால்வு ஒன்று வைத்திருக்கும். ஆவி வேறு குழாய்வழியே எஞ்சின் பக்கத்தில் இருக்கும் கரிப்பெட்டிக்குப் போகும். கரி அந்த ஆவியைப் பிடித்து வைத்திருந்து, எஞ்சின் ஓடும்போது திருப்பிக் கொடுக்கும். அந்தக் கார்களில் மூடியைத் திறக்கும்போது சின்னதாக ஒரு சீறல் கேட்பது வழமை, குறையல்ல. குறை எங்கே வருகிறது என்றால், கரிப்பெட்டி உடைந்துவிட்டது, புதியது கிடைக்கவில்லை என்று அதைக் கழற்றி எறிந்துவிட்டு, வந்த குழாயின் வாயில் ஒரு ஸ்குரூவை இறுக்கி விடுவார்கள். தாங்கிக்கு இருந்த ஒரு வாசலும் போயிற்று. இன்னும் சிலர் குழாயைத் திறந்தபடியே சூடான எஞ்சினுக்குப் பக்கத்தில் விட்டுவிடுவார்கள். அதைவிட ஸ்குரூவே மேல்.

பெற்றோல் நிரப்பும்போது வருகிற தொந்தரவும் இந்தக் காற்றோடு சம்பந்தப்பட்டதுதான். நொசிலை வைத்தவுடன் "டக்" என்று நிற்கிறது. திரும்ப அமத்தினால் திரும்ப "டக்." செட்டில் நிற்கிற பொடியன் எரிச்சல்பட்டு, "அண்ணை, தாங்கி நிறைஞ்சிட்டுது" என்பான். தாங்கியில் காலே அரைக்கால்தான் இருக்கும். நொசிலின் நுனியில் ஒரு சிறு துளை உண்டு. பெற்றோல் பாயும்போது அந்தத் துளையால் காற்று இழுபட்டுக்கொண்டே இருக்கும். பெற்றோல் ஏறிவந்து துளையை மூடினால் காற்று நின்று, உள்ளே இழுவை கூடி, பூட்டை விடுவிக்கும். நுனியில் பெற்றோல் பட்டது என்பது மட்டும்தான் அதற்குத் தெரியும். தாங்கி நிறைந்ததா, வழியில் தேங்கியதா என்று அதற்குத் தெரியாது. உள்ளே இருக்கும் காற்று வெளியே வர வழியில்லாவிட்டால் பெற்றோல் கழுத்திலேயே தேங்கித் துளையை மூடிவிடும்.

நிரப்பும் குழாய்க்குப் பக்கத்தில் மெல்லிய ஹோஸ் ஒன்று தாங்கியின் மேற்பகுதியிலிருந்து கழுத்துவரை வருகிற கார்களில் முதலில் அதைப் பாருங்கள். மடிந்திருக்கும், அல்லது தொய்ந்து அதன் பள்ளத்தில் பெற்றோல் தங்கி அடைத்திருக்கும், அல்லது உள்றப்பர் ஊதி ஓட்டை மூடியிருக்கும். அது திருத்தும்வரை நொசிலை முழுக்க உள்ளே தள்ளாமல் கொஞ்சம் வெளியே இழுத்து, பக்கவாட்டில் திருப்பிப் பிடித்து மெதுவாக அடிக்கச் சொல்லுங்கள்.

நிரப்பும் ஹோஸ் பற்றிக் கட்டாயம் சொல்லவேண்டும். சரியான ஹோஸ் கிடைக்கவில்லை என்று றேடியேற்றர் ஹோஸை வெட்டிப் போட்ட கார்கள் கனக்க. அது தண்ணீருக்கான றப்பர். பெற்றோல் பட்டால் ஊதும், மெத்தும், பிறகு கிளிப்புக்குக் கீழே வெடிக்கும். அரைத் தாங்கியில் இது தெரியவராது. தாங்கியை நிரப்பிய நாளில், அதுவும் வளைவில் திரும்பும்போது மணக்கும். மைனரின் தாங்கி டிக்கிக்கு அடியில் இருக்கிறது. கசிகிற ஆவி டிக்கிக்குள் ஏறி அங்கிருந்து பின் சீற்றுக்கு வரும். பின் சீற்றில் பிள்ளைகள் தலையிடிக்கிறது, சத்தி வருகிறது என்று சொன்னால் காரோட்டம் ஒத்துவரவில்லை என்று விட்டுவிடாமல் டிக்கியை மணந்து பாருங்கள். எங்கே கசிகிறது என்று பிடிக்க வெண்கட்டித் தூளை மூட்டுகளில் பூசிவிட்டு, தாங்கியை முக்காலுக்கு மேல் நிரப்பி ஒருதரம் ஓடிவாருங்கள். பெற்றோல் வந்த இடம் தூளில் கோடு கிழித்திருக்கும். வழியில் தாங்கி கசிந்தால் பார் சவர்க்காரத்தை அழுத்தித் தேய்த்து அடைக்கிற பழைய வித்தை நல்லதுதான், சவர்க்காரத்தைப் பெற்றோல் கரைக்காது. வீடு போய்ச் சேரும்வரைதான் அது.

2022 எரிபொருள் நெருக்கடியில் நாள்கணக்கில் வரிசையில் நின்றவர்கள், முறை வந்தபோது காரை ஆட்டி ஆட்டிக் கழுத்து விளிம்புவரை அடித்துக்கொண்டார்கள். ஜூலையில் கியூ.ஆர். முறை வந்து காருக்குக் கிழமைக்கு 20 லீற்றர் என்று வந்தபிறகும் அந்தப் பழக்கம் சிலரை விட்டுப் போகவில்லை. பழைய தடையின் ஞாபகம் உள்ளவர்களைப் பிழை சொல்ல எனக்கு மனம் வராது. ஆனால் நிலத்துக்குக் கீழே இருந்து வந்த பெற்றோல் வெயிலில் விரியும். 30 லீற்றர் பெற்றோல் பன்னிரண்டு பாகை சூடேறினால் மூன்றில் ஒரு லீற்றர் அளவுக்குக் கூடும். கழுத்துவரை நிரப்பிய தாங்கியில் அதற்கு இடமில்லை. அது மூடித் துளையால் வழிந்து பெயின்றைத் தின்னும், அல்லது மூச்சுக்குழாயில் இறங்கி நிற்கும், கரிப்பெட்டி உள்ள காரில் கரியை நனைத்துப் பழுதாக்கும். நொசில் முதல் தரம் தானாக நின்றதும் போதும் என்று விடுவது நல்லது.

திருத்துகிற வேலையில் சில விஷயங்களில் நான் கண்டிப்பு. பெற்றோல் ஆவி காற்றைவிடப் பாரமானது, கீழே இறங்கித் தங்கும். அதனால் கராஜ் கிடங்குக்கு மேலே நிறுத்தித் தாங்கி கழற்றக்கூடாது, வெட்டவெளியில் கழற்றவேண்டும். பற்றறி வயரை முதலில் கழற்றுங்கள். நிறைந்த தாங்கியைவிட, வடித்துவிட்டுக் காற்றுப் புகுந்த தாங்கிதான் எமன். காற்றில் 1.4 முதல் 7.6 வீதம்வரை பெற்றோல் ஆவி கலந்திருந்தால் ஒரு பொறி போதும், வடித்த தாங்கிக்குள் அந்த அளவு எளிதில் அமைந்துவிடும். "உள்ளே ஒரு சொட்டும் இல்லை" என்று சொல்லி வெல்டிங் பிடிக்கக் கொடுக்காதீர்கள். தாங்கி ஒட்டுவதையே தொழிலாகச் செய்கிறவரிடம் மட்டும் கொடுங்கள். வாயால் ஹோஸ் வைத்துப் பெற்றோல் இழுக்கிற பழக்கமும் எங்களிடம் அந்தக் காலத்தில் இருந்து ஒட்டிக்கொண்டது. விழுங்குவதைவிட அது சுவாசப்பைக்குள் போவதுதான் கெட்டது. கையால் அமத்துகிற சின்னப் பம்ப் வாங்கலாம், அதற்குப் பெரிய காசில்லை.

பூட்டு மூடியில் துளை இல்லை என்று கண்டவுடன் ட்றில் எடுத்து நடுவில் ஒரு ஓட்டை போடுகிறவர்கள் இருக்கிறார்கள். கார் ஓடும். ஆனால் நேர் ஓட்டையால் மாரியில் தண்ணீர் இறங்கும், வளைவில் பெற்றோல் தெறிக்கும். அசல் மூடியில் வெளித்தகட்டுக்கும் உள்தகட்டுக்கும் துளைகள் ஒன்றுக்கு நேர் ஒன்றாக இருக்காது. காற்று சுற்றிக்கொண்டு போகும், பெற்றோல் தெறித்து வெளியே வராது. அதனால் மூடியை மாற்றுவதே சரி. கொழும்பு பஞ்சிகாவத்தையில் தேடப் போகிறவர்கள் பழைய மூடியைக் கையோடு கொண்டு போங்கள். வாய் அளவு பொருந்தினால் கடைக்காரர் "இதுதான்" என்று தந்துவிடுவார். வெளித்தோற்றத்தில் துளை உள்ளதும் இல்லாததும் ஒன்றுபோலவே இருக்கும். வாங்குவதற்கு முன் புது மூடியின் உட்பக்க வாயில் ஒரு துண்டு ஹோஸை இறுக்கிப் பிடித்து ஊதிப் பாருங்கள், பிறகு உறிஞ்சியும் பாருங்கள். மைனருக்கும் ஏ 40க்கும் இரண்டு பக்கமும் காற்றுப் போகவேண்டும். பெற்றோல் பட்ட பழைய மூடியில் இதைச் செய்யவேண்டாம். அதைச் சவர்க்காரத் தண்ணீரில் கழுவி, துளைக்குள் மெல்லிய செப்புக் கம்பியை விட்டு எடுத்து, வெயிலில் காயவைத்த பிறகு சைக்கிள் பம்பால் காற்றடித்துப் பார்த்தால் போதும். பாதிக்கு மேற்பட்ட மூடிகள் அதோடு சரிவந்துவிடுகின்றன.